ஒளியும் ஊசியும்

தையல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. ஊசியும் நூலும் கொண்டு செய்யும் வேலையும் தையல், பெண்ணும் தையல். அதனாலோ என்னவோ, ஊசி பிடிப்பது ஆடவர்க்கு உரியதன்று என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. கூலிக்குத் தைக்கும் கடைகளில் தையற்பொறியின்மேல் குனிந்திருப்பவர் பெரும்பாலும் ஆடவரே என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. சொல்லாராய்ச்சி கிடக்கட்டும். ஆடவராயினும் மகளிராயினும், விடுதி அறையில் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதைக் கழிக்க வழி தேடும் நண்பர்கள் எல்லாரும் செய்து பார்க்கத்தக்க ஒரு சிறு கலையைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன்.

கலை இதுதான்: இரண்டு கை அகலமுள்ள பருத்தித் துணியில் ஒரு நிழற்படத்தை அச்சிட வேண்டும். பிறகு அந்தப் படத்தின்மேல் வேண்டிய இடங்களில் மட்டும் நூலால் தைக்க வேண்டும். முதற்பகுதியைச் செய்வது சூரியன். இரண்டாம் பகுதியைச் செய்வது நம் கை. முதற்பகுதிக்கு வேதியியல் கொஞ்சம் தெரிந்தால் போதும். இரண்டாம் பகுதிக்குப் பொறுமை வேண்டும்; அதைவிட முக்கியமாக, வீட்டுப் பெரியவர்களிடம் கேள்வி கேட்கும் பழக்கம் வேண்டும். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

படத்தில் தைத்த முன்னோர்

அச்சிட்ட படத்தின்மேல் தைப்பது புதிய வழக்கமன்று. 1894-ஆம் ஆண்டில் ஓவியர் இரவி வர்மா பம்பாயில் ஓர் அச்சுக்கூடம் தொடங்கினார். அவர் வரைந்த இலட்சுமியும் சரசுவதியும் அங்கே பல்லாயிரக்கணக்கில் வண்ணத்தில் அச்சாகி நாடெங்கும் பரவினர். வாங்கிப் போனவர்கள் படத்தை அப்படியே மாட்டி வைத்ததோடு நின்றுவிடவில்லை. பல வீடுகளில் தேவியின் சேலை இருக்கும் இடத்தில் மெய்யான துணியை வைத்துத் தைத்தார்கள். கரையில் சரிகை வைத்தார்கள். நகைகள் இருக்கும் இடத்தில் சமிக்கியும் மணியும் பதித்தார்கள். அந்த அணிசெய்த படங்கள் நம் செட்டிநாட்டு வீடுகளையும் அலங்கரித்தன.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அச்சுக்கூடம் எல்லா வீட்டுக்கும் ஒரே இலட்சுமியைத்தான் அனுப்பியது. ஊசி பட்ட பிறகு அவள் அந்தந்த வீட்டு இலட்சுமி ஆகிவிட்டாள். அடுத்த வீட்டில் இருப்பவள் வேறு, நம் வீட்டில் இருப்பவள் வேறு. பொறி பலவாகச் செய்ததைக் கை ஒன்றாக மாற்றியது.

நாம் வந்து தங்கியிருக்கும் இந்த வங்க நாட்டிலும் ஊசிக்குப் பெரிய வரலாறு உண்டு. பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் ஓட்டுத்தையல் போட்டு, போர்வையும் விரிப்பும் செய்வது இங்குள்ள வழக்கம். அதற்குக் ‘காந்தா’ என்று பெயர். வடமொழியில் ‘கந்தா’ என்றால் கிழிசல்களை ஒட்டுப் போட்ட துணி. நம்முடைய ‘கந்தை’யும் அதே குடும்பத்துச் சொல்தான். நாம் இகழ்ச்சியாகச் சொல்லும் சொல்லை இவர்கள் கலையின் பெயராக்கி வைத்திருக்கிறார்கள்!

வங்க நாட்டுப்புறக் கலைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் குருசதய் தத் (1882–1941). அவர் சேகரித்த காந்தாக்களில், குல்னாப் பகுதியைச் சேர்ந்த மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது மிகவும் புகழ் வாய்ந்தது. தையல் என்பது பூவும் கொடியும் மட்டும் அன்று, ஒருவருக்காக ஒருவர் தைப்பது என்பதற்கு அது போதிய சான்று.

சூரியன் அச்சிடும் முறை

துணியில் படம் அச்சிட இன்று பல வழிகள் உண்டு. பனியனில் படம் போட்டுத் தரும் கடைகளில் சாயத்தைச் சூட்டினால் ஆவியாக்கித் துணிக்குள் ஏற்றுகிறார்கள். அது பாலியெஸ்டரில் மட்டுமே நன்றாகப் பிடிக்கும். பருத்தியில் வேண்டுமென்றால் மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டில் அச்சிட்டுச் சூட்டுப்பெட்டியால் ஒட்டுகிறார்கள். அந்த ஏடு துணியின்மேல் தோல் போலப் படிந்திருக்கும். ஊசி குத்தினால் துளை அப்படியே தெரியும். நாளடைவில் ஏடு வெடிக்கும்.

ஊசிக்கு இணங்கும் அச்சு, நூலிழைக்கு உள்ளேயே தங்கும் அச்சு, துணியின் மென்மையைக் கெடுக்காத அச்சு ஒன்று உண்டு. அதைக் கண்டுபிடித்தவர் சர் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில வானநூல் அறிஞர், ஆண்டு 1842. சயனோடைப் என்பது அதன் பெயர். நாம் நீலப்படி என்போம். பொறியாளர்களின் வரைபடங்களைப் படியெடுக்கப் பல்லாண்டுகள் பயன்பட்டது இதுவே. அடுத்த ஆண்டே, 1843-இல், அன்னா அட்கின்ஸ் என்ற அம்மையார் கடற்பாசிகளை இந்தத் தாளின்மேல் பரப்பி வெயிலில் காட்டிப் படமெடுத்து நூலாக வெளியிடத் தொடங்கினார். நிழற்படங்களைக் கொண்டு வெளிவந்த முதல் நூல் அதுவே என்பர்.

இதன் வேதியியல் எளிது. பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் என்ற இரும்பு உப்பையும் பொட்டாசியம் பெர்ரிசயனைடு என்ற உப்பையும் நீரில் கரைத்துக் கலந்து துணியில் பூசுகிறோம். முதல் உப்பில் இருக்கும் இரும்பு பெர்ரிக் நிலையில் இருக்கிறது. வெயிலிலுள்ள புறஊதாக் கதிர் பட்டவுடன் அங்குள்ள சிட்ரேட் ஓர் எலெக்ட்ரானை அந்த இரும்புக்குக் கொடுத்துவிடுகிறது. இரும்பு பெரஸ் நிலையை அடைகிறது. பெரஸ் இரும்பு காத்திருக்கும் பெர்ரிசயனைடோடு கூடிப் பிரஷ்ய நீலம் என்ற நிறமியாகிறது. பிரஷ்ய நீலம் நீரில் கரையாது. பிறந்த இடத்திலேயே, பருத்தியிழையின் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஒளி படாத இடத்தில் உப்புகள் பழையபடியே இருக்கும். தண்ணீரில் அலசினால் போய்விடும். ஆகவே, ஒளி பட்ட இடம் நீலம். படாத இடம் வெள்ளை. நிழல் விழுந்த இடம் வெளுப்பாக நிற்பதால், ‘நிழற்படம்’ என்ற நம் தமிழ்ச் சொல் வேறெதையும்விட இதற்கே நன்றாகப் பொருந்துகிறது.

வேண்டிய பொருள்கள்

துணி: கலப்பில்லாத பருத்தி. அப்பாவின் பழைய வெள்ளை வேட்டி மிகச் சிறந்தது. பல ஆண்டு துவைத்துத் துவைத்து அதன் கஞ்சியெல்லாம் போயிருக்கும். ஊசியும் எளிதாக நுழையும். புதுத்துணியானால் கஞ்சி போக நன்றாக அலச வேண்டும். சவர்க்காரத்தின் காரம் துணியில் மிஞ்சியிருந்தால் நீலம் கெடும். எனவே பலமுறை வெறுந்தண்ணீரில் அலசி, ஒருமுறை சில துளி எலுமிச்சைச் சாறு விட்ட நீரிலும் அலசி, மறுபடி வெறுந்தண்ணீரில் அலசிக் காயவைத்து, சுருக்கம் போகத் தேய்த்துக்கொள்க.

கரைசல்: பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில். பொட்டாசியம் பெர்ரிசயனைடு 10 கிராம், வேறொரு 100 மில்லிலிட்டர் நீரில். இரண்டையும் தனித்தனிப் பழுப்புப் புட்டிகளில் வைத்திருந்து, வேண்டும்போது மட்டும் சம அளவில் கலக்க வேண்டும். 6 அங்குலத்துக்கு 8 அங்குலம் உள்ள துண்டு ஒன்று ஏறத்தாழ 4 மில்லிலிட்டரைக் குடிக்கும். ஆகவே, பத்தும் பத்துமாகக் கலந்தால் ஐந்து துண்டுகளுக்கு வரும். இந்த உப்புகள் ஆய்வுக்கூடப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். விலை கொடுத்து வாங்குங்கள். துறையின் அலமாரியைத் திறக்க வேண்டாம்.

பெர்ரிசயனைடு என்ற பெயரைக் கேட்டதும் சிலர் நடுங்குவர். அதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால், சாதாரணமாகக் கையாள்வதில் பெரிய தீங்கில்லை. ஆனால், கடும் அமிலத்தோடு சேர்ப்பதோ சுடவைப்பதோ கூடாது. அப்போது நச்சு வாயு வெளிப்படலாம். கையுறை போட்டுக்கொள்க. சமையல் பாத்திரங்களைப் பயன்படுத்தாதீர்கள். சட்டையில் கரைசல் பட்டால் கறை போகாது.

எதிர்ப்படம்: வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் மாறிய படம் வேண்டும். பழைய நிழற்படத்தைக் கைப்பேசியில் நேராகப் பிடித்து, அதிலேயே எதிர்ப்படமாக்கி, வெளிச்சம் நிழல் வேறுபாட்டைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். அதை நகலெடுக்கும் கடையில் கொடுத்தால் கண்ணாடித்தாளில் அச்சிட்டுத் தருவார்கள். கறுப்பு போதிய அடர்த்தியாக இல்லையென்றால் இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மை படிந்த பக்கம் துணியைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் கோடுகள் கூர்மையாக வரும். அப்படிக் கவிழ்த்து வைக்கும்போது படம் இடம் வலமாக மாறும். ஆகவே, அச்சிடும்போதே கண்ணாடியில் தெரிவது போல மாற்றி அச்சிடச் சொல்ல வேண்டும். இல்லையேல் இடத்தோளில் கிடக்கும் முந்தானை வலத்தோளுக்குப் போய்விடும். ஊரிலுள்ளவர்கள் முதலில் அதைத்தான் கண்டுபிடிப்பார்கள்!

செய்முறை

மாலையில், சன்னலை மூடி, மங்கிய மஞ்சள் விளக்கில் துணிக்குக் கரைசலைப் பூச வேண்டும். அகலத் தூரிகையோ பஞ்சோ போதும். பூசிய துணி இளமஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். அதை இருட்டான அலமாரிக்குள் தொங்கவிட்டு உலரவைத்து, மறுநாளே பயன்படுத்திவிட வேண்டும்.

மறுநாள் காலை ஓர் அட்டையின்மேல் துணியை விரித்து, அதன்மேல் எதிர்ப்படத்தை வைத்து, அதன்மேல் படச்சட்டத்தின் கண்ணாடியை வைத்து, நான்கு பக்கமும் கிளிப்புப் போட்டு மாடிக்குக் கொண்டு செல்க. எவ்வளவு நேரம் வெயிலில் வைப்பது? ஏப்ரல் மாத உச்சி வெயிலில் எனக்கு 8 நிமிடம் போதுமாயிருந்தது. டிசம்பரில் 20 நிமிடம் பிடித்தது. பனிமூட்டமும் புகையும் உள்ள நாளில் இன்னும் கூடும். ஆதலால், முதலில் ஒரு சிறு துண்டில் பார்த்துவிடுவது நல்லது. படத்தின் ஒரு பகுதியை 4 நிமிடம், அடுத்ததை 8, அடுத்ததை 12 என்று அட்டையால் மறைத்து மறைத்துக் காட்டினால், அன்றைய வெயிலின் வலிமை அன்றே தெரிந்துவிடும். துணி பச்சையிலிருந்து நீலமாகி, பிறகு சாம்பல் படர்ந்த செம்பு நிறத்துக்கு வரும்போது எடுத்துவிடலாம்.

அப்புறம் அலசல். வெறுந்தண்ணீர், சோப்பு வேண்டாம். மஞ்சள் நீர் வடிவது நிற்கும்வரை பத்து நிமிடம் தண்ணீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். முறுக்கிப் பிழியக் கூடாது. தண்ணீருக்குள்ளேயே முகம் ஒன்று மெல்ல மெல்லத் தெளிந்து வருவதைப் பார்ப்பது தனி இன்பம். நிழலில் காயவைத்தால் நீலம் காற்றுப்பட்டு ஒரு நாளில் இன்னும் ஆழ்ந்துவிடும்.

முதன்முதலாகச் செய்பவர்களுக்கு எதிர்ப்படம்கூடத் தேவையில்லை. ஒரு முருங்கைக் கொத்தையோ வேப்பிலையையோ துணிமேல் வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுங்கள். நீலத்தின் நடுவே வெள்ளை இலை வந்துவிடும். அதன் நரம்புகளைப் பச்சை நூலால் தைத்தால் முதல் பாடம் முடிந்தது.

ஊசி எங்கே நுழைவது?

துணி முற்றிலும் உலர்ந்த பின், அதன் அடியில் இன்னொரு வேட்டித் துண்டை வைத்து இரண்டையும் சேர்த்து வட்டச் சட்டத்தில் இறுக்கிக்கொள்க. கடையில் கிடைக்கும் எம்பிராய்டரி நூலில் ஆறு இழை முறுக்கியிருக்கும். இவ்வளவு சிறு படத்துக்கு இரண்டு இழை போதும். சிவப்பு நூலானால் முதலில் வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்க்க வேண்டும். சாயம் இறங்கினால் அந்த நூல் வேண்டாம். பின்னால் கறையைச் சோப்புப் போட்டு நீக்க வழியில்லை.

தையல் வகை நான்கு தெரிந்தால் போதும். ஓட்டுத்தையல்: ஊசி மேலும் கீழுமாக ஓடும், காந்தாவின் உயிர் இதுவே. பின்தையல்: ஒவ்வொரு தையலும் ஓரடி பின்வாங்கி முன்னேறும், கோடுகளுக்கு ஏற்றது. சங்கிலித்தையல்: கரை, மாலை, சடை முதலியவற்றுக்கு. முடிச்சுத்தையல்: ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றிக் குத்தினால் ஒரு புள்ளி நிற்கும், பொட்டு, மணி, பூ மொட்டுக்கு.

இனி முக்கியமான கேள்வி: எங்கே தைப்பது? படம் முழுவதையும் நூலால் நிரப்பிவிட்டால் அடியில் படம் எதற்கு? எங்குமே தைக்காவிட்டால் ஊசி எதற்கு? இதற்கு விடையை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்தறியவில்லை. எங்கள் அப்பத்தாவின் படம்தான் சொல்லிக்கொடுத்தது.

அப்பத்தாவை நான் பார்த்ததில்லை. நான் பிறக்கும் முன்பே காலமாகிவிட்டார். அவருடைய படம் என்று எங்கள் குடும்பத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. 1972-இல் அருப்புக்கோட்டையில் ஒரு நிலையத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். எடுத்த கடையும் இல்லை, மூலப் பிலிமும் இல்லை. படத்தின் ஓரங்களில் பூஞ்சை ஏறிக்கொண்டிருக்கிறது. அப்பத்தாவுக்கு மக்கள் நால்வர், படம் ஒன்று. அது யார் வீட்டில் இருப்பது என்பது எங்கள் வீட்டு நல்ல நாள்களில் மெல்ல எழுந்து மெல்ல அடங்கும் ஒரு வழக்கு. சென்ற விடுமுறையில் அதைக் கைப்பேசியில் பிடித்து வந்து, ஒரே எதிர்ப்படத்திலிருந்து நான்கு துணிகள் அச்சிட்டேன். நால்வருக்கும் ஒவ்வொன்று. தைக்க உட்காரும்போதுதான் கேள்வி எழுந்தது: சேலை என்ன நிறம்?

படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கறுப்பு வெள்ளைப் பிலிம் ஒளியின் அளவைத்தான் பதிக்கும், நிறத்தைப் பதிக்காது. ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் ஒரே சாம்பல் நிறமாக விழக்கூடும். மிகப் பழைய பிலிம்களுக்குச் சிவப்பு ஒளி உறைக்கவே உறைக்காது. நெற்றிக் குங்குமம் அவற்றில் கரியாக விழும். ஆகவே, சாம்பல் நிறத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு நிறத்தைக் கண்டுபிடிக்க எந்த வேதியியலுக்கும் வலிமை இல்லை. இன்று பழைய படங்களுக்குத் தாமே வண்ணம் தீட்டும் கணிப்பொறி நிரல்கள் வந்திருக்கின்றன. ஒரு தொடுதலில் சேலைக்கு நிறம் வந்துவிடும். ஆனால், அது வேறு ஆயிரமாயிரம் படங்களைப் பார்த்துச் செய்த ஊகமே ஒழிய, அப்பத்தா அன்று உடுத்திய நிறம் அன்று. ஊகம் அழகாக இருப்பதுதான் அதன் ஆபத்து. அடுத்த தலைமுறை அதையே உண்மை என்று எண்ணிவிடும்.

எனவே தொலைபேசியில் கேட்டேன். அப்பாவுக்கு அப்போது நான்கு வயது. “மயில்கழுத்து நிறம்டா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு” என்றார். அத்தைக்கு அப்போது பன்னிரண்டு வயது. “உங்கப்பனுக்கு என்ன தெரியும்? அரக்குச் சேலை. அதைத்தான் பின்னாடி கிழிச்சுச் சின்னவனுக்குத் தூளி கட்டினோம்” என்றார். பெரியப்பா, “சேலை எல்லாம் எனக்கு ஞாபகமில்லையப்பா. அம்மா திரும்பிப் பார்த்தா மூக்குத்தி மின்னும், அதுதான் ஞாபகம்” என்றார். படத்தில் அப்பத்தாவின் மடியில் கைக்குழந்தையாக இருப்பவர் சித்தப்பா. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை தம்பி. எனக்குக் குடுக்கறதை அப்படியே விட்டுடு” என்றார்.

சாட்சிகளை எடைபோட்டு உண்மை நிறம் இன்னதென்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால், வயதில் மூத்தவரும் சேலையின் பிற்கால வரலாற்றை அறிந்தவருமான அத்தையின் பக்கமே நான் சாய்வேன். ஆனால், நான்கு பேருக்கும் தீர்ப்பு எழுதி அனுப்புவது என் வேலையன்று. அப்பாவின் துணியில் சேலைக் கரையை மயில்கழுத்து நிறத்தில் சங்கிலித்தையலாகப் போட்டேன். அத்தையின் துணியில் அதே கரை அரக்கு. பெரியப்பாவின் துணியில் சேலையைத் தொடவில்லை; மூக்கில் மட்டும் ஒரே ஒரு வெண்பட்டு முடிச்சு. சித்தப்பாவின் துணியில் படத்துக்குள் ஊசி நுழையவே இல்லை. ஓரத்தைச் சுற்றி மட்டும் வெள்ளை நூலில் மூன்று வரி ஓட்டுத்தையல்.

இதிலிருந்து நான் கற்ற விதி இது: ஒளி சொன்னதை ஒளி சொன்னபடியே விட்டுவிட வேண்டும். அது சொல்லாததை, யாராவது ஒருவர் நினைவிலிருந்து சொன்னால், அந்த இடத்தில் மட்டும் தைக்க வேண்டும். யாருக்கும் தெரியாத இடம் நீலமாகவே இருக்கட்டும். ஆய்வுக்கூடத்தில் அளக்காத புள்ளியை நாம் வரைபடத்தில் குறிப்பதில்லை அல்லவா? அதே நேர்மை ஊசிக்கும் வேண்டும். இந்த விதியைப் பின்பற்றினால், பிற்காலத்தில் அந்தத் துணியைப் பார்ப்பவர் எது படம், எது நினைவு என்று தொட்டே அறிந்துகொள்வார். படம் தட்டையாக இருக்கும்; நினைவு விரலில் தட்டுப்படும்.

யாருக்காகத் தைத்தீர்கள், நிறத்தைச் சொன்னவர் யார், எந்த ஆண்டு என்பதைத் துணியின் பின்புறத்தில் நூலால் இரண்டு வரி எழுதிவிடுங்கள். மை மங்கும், நூல் நிற்கும்.

காப்பது எப்படி?

பிரஷ்ய நீலத்துக்குப் பகைவர் இருவர். முதற்பகை காரம். சலவைச் சோடா, சவர்க்காரம், சுண்ணாம்பு எதுபட்டாலும் நீலம் சிதைந்து, இரும்பின் மங்கிய மஞ்சட்பழுப்புதான் மிஞ்சும். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்ற பழமொழி இந்தக் கந்தைக்கு மட்டும் செல்லாது! தூசி படிந்தால் மெல்லத் தட்டலாம். மிகவும் வேண்டுமானால் வெறுந்தண்ணீரில் நனைத்தெடுக்கலாம். ஈரம் ஊறும் சுண்ணாம்புச் சுவரில் நேராக ஒட்டாமல், சட்டத்துக்குள் வைத்து மாட்டுவது நலம்.

இரண்டாம் பகை, அதைப் பெற்றெடுத்த வெயிலேதான். நேர்வெயிலில் நெடுநாள் கிடந்தால் நீலம் வெளிறும். ஆயினும் ஒரு வியப்பு: வெளிறிய படத்தை எடுத்துச் சில நாள் இருட்டில், காற்றுப்பட வைத்திருந்தால், இழந்த நீலத்தில் பெரும்பகுதி திரும்பி வரும். ஒளியால் எலெக்ட்ரான் பெற்று நிறமிழந்த இரும்பு, காற்றிலுள்ள ஆக்சிஜனிடம் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மற்ற சாயங்களுக்கு இந்தப் பேறு இல்லை.

மூலப்படத்துக்கும் ஒரு சொல். துணியில் அச்சாகிவிட்டது என்று பழைய படத்தைப் புறக்கணிக்க வேண்டாம். ஈரமில்லாத இடத்தில், காகித உறைக்குள், தனியாக வைத்திருங்கள். துணி அதன் குழந்தை. அதற்கு மாற்று அன்று.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நம்மில் பலர் அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போவோம். பயணம் இரண்டு இரவு. வீட்டில் இருப்பது பத்து நாள். அந்தப் பத்து நாளில் ஒரு மாலையை இதற்காக ஒதுக்குங்கள். பெட்டியடியில் கிடக்கும் பழைய படங்களை வெளியே எடுத்து, பகல் வெளிச்சத்தில், கண்ணாடியின் பளபளப்பு விழாமல், நேராகப் படம் பிடியுங்கள். பிறகு அந்தப் படத்தோடு வீட்டிலுள்ள மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். பெயர் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். பெயரை எல்லாரும் கேட்பார்கள். சேலையின் நிறம் என்ன, தலையில் என்ன பூ, பின்னால் தெரியும் கதவுக்கு என்ன வண்ணம், அந்தச் சட்டையை யார் தைத்தது என்று கேளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள். இருவர் மாறுபட்டால் இரண்டையும் எழுதுங்கள்.

உப்புகளை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். வெயில் ஆண்டு முழுதும் வரும். வேட்டித் துணிக்கும் நம் வீடுகளில் பஞ்சமில்லை. நிறத்தைச் சொல்லக் கூடியவர்கள் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே, இந்தக் கலையில் முதலில் செய்ய வேண்டியது கடைசியில் சொல்லப்பட்டிருக்கிறது: முதலில் கேளுங்கள், பிறகு அச்சிடுங்கள், பிறகு தையுங்கள்.

திரும்பி வரும்போது எதிர்ப்படங்களோடு வாருங்கள். கரைசலை நான் கலந்து வைக்கிறேன். விடுதி மாடியில் வெயிலுக்குக் குறைவில்லை.